உப்புக்காற்றில் நிற்கும் குதிரை டிரெய்லர்: வாசகர் கேள்வி பதில்

அரபு நாட்டுக் குதிரைகள் மரக்கலத்தில் வந்திறங்கிப் பாண்டியர் படைக்குப் போன கரை இது. இன்று குதிரை டிரெய்லரில் ஏறித் திருவிழாப் பந்தயத்துக்குப் போகிறது. தொண்டியிலிருந்து ராமேசுவரம் வரை பல ஊர்களிலிருந்தும் வந்த கடிதங்களில் பழைய டிரெய்லரின் துரு, வெளுப்பு, தேய்மானம் பற்றியவற்றை இங்கே சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: எங்கள் மாமா பெங்களூரு பக்கமிருந்து இரண்டு குதிரை நிற்கும் பழைய டிரெய்லர் ஒன்றை வாங்கி வந்தார். வயது பதினான்கு. சேசிஸும் இரும்பு, உடம்பும் இரும்புத் தகடு. அங்கே நன்றாகத்தான் இருந்தது. இங்கே வந்து ஒரே வருடத்தில் சக்கரத்துக்கு மேலே பெயின்ட் பொக்கு விட்டு, கதவோரமெல்லாம் பழுப்பாக வழிகிறது. டிங்கரிங் கடையில், "பட்டி பார்த்து ஸ்பிரே அடித்தால் புதுசாகிவிடும்" என்கிறார்கள். அடிக்கலாமா? (உச்சிப்புளி வாசகர்)

பதில்: இப்போதைக்கு ஸ்பிரே கன் பக்கமே போக வேண்டாம். பொக்கு விட்ட பெயின்ட்டைப் பார்த்து, உள்ளே என்ன நடக்கிறது என்று படிக்க முடியும். அதன் மேல் பட்டி பூசிவிட்டால் அந்தத் தடயமே போய்விடும். போதாக்குறைக்கு, பட்டி தண்ணீரை உறிஞ்சக்கூடியது. துருவின் மேல் பூசிய பட்டி ஈரத்துணி கட்டியது மாதிரி இரும்பை நனைத்துக்கொண்டே இருக்கும்.

அரைக் கிலோ சுத்தியல், பழைய ஸ்குரூ டிரைவர், டார்ச், ஒரு சாக்பீஸ் எடுத்துக்கொண்டு டிரெய்லருக்கு அடியில் படுங்கள். தரைப்பலகையைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள், லீஃப் ஸ்பிரிங் தொங்கும் கொக்கிகள், முன்னால் நீண்டு காரோடு சேரும் முக்கோணச் சட்டம், இறக்குபலகையின் கீல், குதிரையின் நெஞ்சுக்கு முன் தடுப்பாக நிற்கும் நெஞ்சுக்கட்டை செருகும் குழி, கயிறு கட்டும் வளையம் என்று ஒவ்வொன்றையும் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு "ணங்" என்று பேசும். உள்ளே அரித்துப்போன இரும்பு "பொத்" என்று வாயடைத்துப் போகும். பொத்தென்ற இடத்திலெல்லாம் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். ரப்பர் விரிப்பின் ஓரம் வழியாகக் குதிரை மூத்திரம் வடியும் கோட்டுக்கு நேர் கீழேதான் வட்டங்கள் அதிகம் விழும்.

சதுரக் குழாயால் ஆன சட்டம் வெளியே பளபளவென்று இருந்தாலும் உள்ளிருந்து அரித்திருக்கும். வட்டம் போட்ட இடத்தில், குழாயின் அடிப்பக்கம் 8 மி.மீ. துளை ஒன்று போட்டு, வளைந்த கம்பியை உள்ளே விட்டு, தகட்டின் கனத்தை அளந்து பாருங்கள். முதலில் 4 மி.மீ. இருந்தது 3க்குக் கீழே போயிருந்தால் அந்தத் துண்டை வெட்டி எடுக்கத்தான் வேண்டும். துளை வீணாகாது. இனிமேல் உள்ளே சேரும் தண்ணீர் வடிய அதுவே வழி. எல்லாக் குழாய்க்கும் தாழ்ந்த முனையில் இப்படி ஒரு துளை இருப்பது நல்லது.

துருப்பிடித்த சட்டத்தின் மேலேயே புதுத் தகட்டை வைத்து வெல்டிங் செய்ய விடாதீர்கள். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். இரண்டு தகடுக்கு நடுவே மாட்டிய துரு வீங்கி, ஒட்டுப்போட்டதையே நெம்பித் தள்ளிவிடும். பளிச்சென்ற இரும்பு தெரியும்வரை வெட்டிவிட்டு, அதே கனத்தில் புதுத் துண்டு வைத்து, சுற்றிலும் முழுத் தையலாகப் பற்றவைக்க வேண்டும். முன் முக்கோணச் சட்டம் அரித்திருந்தால் ஒட்டுப்போடுவதே கூடாது. அந்தச் சட்டத்தையே முழுதாக மாற்றுங்கள். நாலைந்து நூறு கிலோ எடையுள்ள இரண்டு உயிர் அதை நம்பித்தான் பின்னால் வருகிறது.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் அழகு.

கேள்வி: எங்கள் வாப்பா காலத்து டிரெய்லருக்குப் போன ஐப்பசியில் துருவைச் சுரண்டி, ரெட் ஆக்சைடு ஒரு கோட்டு, எனாமல் இரண்டு கோட்டு அடித்தோம். எட்டு மாதத்தில் அம்மைக் கொப்புளம் மாதிரி கிளம்பிவிட்டது. ஒன்றை நகத்தால் உடைத்தால் உள்ளே தண்ணீர். பெயின்ட் மட்டமா, அடித்தவர் கை மட்டமா? (கீழக்கரை வாசகி)

பதில்: கொப்புளத்துக்குள் தண்ணீர் இருந்தது என்று எழுதினீர்களே, காரணம் அதில்தான் இருக்கிறது. பெயின்ட்டுக்கு அடியில் உப்பு சிக்கியிருக்கிறது. பெயின்ட் படலம் கண்ணுக்குத் தெரியாத அளவில் ஈரத்தை உள்ளே விடும். உள்ளே இருக்கும் உப்பு அந்த ஈரத்தை இழுத்து இழுத்துச் சேர்க்க, படலம் மேலெழும்பிக் கொப்புளமாகிறது. வெறும் சோற்றுப்புக்கே காற்றில் 75 சதவீத ஈரப்பதம் இருந்தால் நீர்த்துப் போகும் குணம் உண்டு. கடல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். நம் கரையில் நண்பகல் வெயிலில்கூட ஈரப்பதம் அவ்வளவு கீழே இறங்குவது அபூர்வம். ஆகவே, காய்ந்ததாக நமக்குத் தெரியும் இரும்பும் உப்பு இருந்தால் காய்ந்ததில்லை. பாம்பன் பழைய ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தியதற்கும், 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலாக்ஸேன் பூச்சும் போட்டதற்கும் காரணம் இந்தக் காற்றுதான்.

அடித்த மாதமும் சரியில்லை. ஐப்பசி அடைமழை மாதம். மாசியும் பங்குனி முதல் பாதியும்தான் நமக்குப் பெயின்ட் மாதம். மழை இருக்காது, ஆடிக்காற்று மணலை வாரிக்கொண்டு வராது. ஏப்ரல் 15இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டால் 61 நாளும் படகெல்லாம் கரையேறிவிடும். நல்ல பெயின்டரும் வெல்டரும் உங்கள் கைக்குக் கிடைக்க மாட்டார்கள்.

இனி வேலையின் வரிசை. பெரும்பாலோர் முதலில் சுரண்டிவிட்டுப் பிறகு கழுவுகிறார்கள். அப்படிச் செய்தால் வயர் பிரஷ் உப்பை இரும்பின் பள்ளத்துக்குள் தேய்த்து ஏற்றிவிடும். முதலில் கழுவுங்கள். போர் தண்ணீர் வேண்டாம். நம் மாவட்டத்தில் பெரும்பாலான போர் உப்புத்தான். அதில் கழுவுவது உப்புப் பூசுவதற்குச் சமம். காவிரிக் கூட்டுக் குடிநீரோ, மழைநீர்த் தொட்டியோ, நல்ல ஊருணித் தண்ணீரோ எடுங்கள். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் 500க்குள் காட்டினால் தாராளமாகக் கழுவலாம். பாத்திரம் கழுவும் திரவம் கலந்து ஒரு தடவை, வெறும் தண்ணீரில் இரண்டு தடவை. காய்ந்த பிறகு கிரைண்டரில் கம்பிக் கிண்ணம் மாட்டிச் சுரண்டுங்கள். மூக்குக்கும் கண்ணுக்கும் கவசம் கட்டாயம். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் குதிரை, பிள்ளைகள், தீவனம் எதுவும் அருகில் வேண்டாம். சுரண்டி முடித்ததும் மறுபடி நல்ல தண்ணீரில் கழுவி, உடனே துணியால் துடைத்து, வெயிலில் காய விடுங்கள்.

உப்பு போனதா என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டர் 50 மி.லி. எடுத்து மீட்டரை விட்டால் பூச்சியத்தை ஒட்டிக் காட்டும். கையுறை போட்டுக்கொண்டு, சுத்தமான பஞ்சை அந்தத் தண்ணீரில் நனைத்து, ஒரு சதுர அடி இரும்பை நன்றாகத் துடைத்து, அதே தண்ணீரில் பிழியுங்கள். நாலைந்து தடவை இப்படித் துடைத்துப் பிழிந்த பிறகு அளந்து பாருங்கள். 50ஐத் தாண்டினால் மறுபடி கழுவ வேண்டியதுதான். இந்த ஒரு சோதனையைச் செய்பவர்களின் பெயின்ட் நிற்கிறது, செய்யாதவர்களின் பெயின்ட் உரிகிறது. அவ்வளவு வித்தியாசம் இருக்கிறது.

அடுத்து பெயின்ட். ரெட் ஆக்சைடும் எனாமலும் வீட்டு ஜன்னல் கம்பிக்குப் போதும், கடலோரச் சேசிஸுக்குப் போதாது. மணல் பீய்ச்சித் துப்புரவு செய்யும் பட்டறைக்குக் கொண்டுபோக முடிந்தால், அங்கேயே இரும்பு வெள்ளையானதும் துத்தநாகம் நிறைந்த எபாக்சி பிரைமரை 60 முதல் 75 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கனத்துக்கு அடிக்கச் சொல்லுங்கள். கையால் சுரண்டிய இரும்பில் அந்தப் பிரைமர் பிடிக்காது. துத்தநாகம் நேரடியாக இரும்பைத் தொட்டால்தான் அது வேலை செய்யும். கையால் சுரண்டியவர்கள் கேட்க வேண்டியது, அலுமினியத் தூள் கலந்த எபாக்சி மாஸ்டிக். அதை இரண்டு கோட்டாக, கோட்டுக்கு 125 மைக்ரான். இரண்டு குதிரை டிரெய்லரின் சேசிஸ் பரப்பு ஏறக்குறைய 12 சதுர மீட்டர் வரும். இரண்டு கோட்டுக்குச் சேதாரத்தோடு 5 லிட்டர் வாங்குங்கள். அதற்கு மேலே வெயில் தாங்க பி.யூ. (பாலியூரித்தேன்) பெயின்ட் 50 மைக்ரான். எபாக்சியை வெயிலுக்கு வெறுமனே விட்டால் மாவு பூத்துவிடும்.

ஸ்பிரேயோ ரோலரோ போடும் முன், வெல்டிங் தையல், தகட்டு ஓரம், போல்ட் தலை ஆகியவற்றுக்கு மட்டும் பிரஷ்ஷால் ஒரு கோடு தனியாக இழுத்துவிடுங்கள். கூரான ஓரத்தில் பெயின்ட் தானாகவே மெலிந்துவிடும். துரு முதலில் எட்டிப் பார்ப்பது அங்கேதான். எபாக்சியின் இரண்டு டப்பாவையும் சொன்ன அளவில் முழுதாகக் கலக்க வேண்டும். கண்ணளவு கூடாது. நம் வெயிலில் கலந்த பெயின்ட் சீக்கிரம் இறுகும் என்பதால் அரை மணியில் தீரும் அளவு மட்டும் கலக்குங்கள். காலை பத்து மணிக்கு முன் இரும்பில் பனி இருக்கும். பத்திலிருந்து மூன்று வரைதான் அடிக்கும் நேரம்.

பலரும் கோட்டை விடுவது இன்னொன்று உண்டு. நேற்று அடித்த கோட்டின் மேல் ராத்திரிக் காற்று உப்பைப் படியவைத்திருக்கும். அடுத்த கோட்டுக்கு முன்பும் நல்ல தண்ணீரில் துடைத்துக் காயவையுங்கள். உங்கள் டிரெய்லரில் கொப்புளம் சில இடத்தில் எனாமலுக்கும் ரெட் ஆக்சைடுக்கும் நடுவே இருந்தால், அது இந்த ராத்திரி உப்பாகத்தான் இருக்கும்.

உள்பக்கம் வெளிர் நிறம் அடியுங்கள். இருட்டான பெட்டிக்குள் ஏறக் குதிரை தயங்கும். குதிரை கடிக்கும் உயரத்தில், அதாவது நெஞ்சுக்கட்டை, தீவனத் தொட்டி ஓரம் ஆகிய இடங்களில் பெயின்ட்டே வேண்டாம். ரப்பர் சுற்றிவிடுங்கள். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2016இல் வந்த விதி, தொழிற்சாலைப் பெயின்ட்டுக்குப் பொருந்தாது. ஆகவே ஈயம் இல்லை என்று டப்பாவில் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். முடித்த பின் ஒரு வாரம் எல்லாக் கதவையும் திறந்து வைத்து, வாடை முழுக்கப் போன பிறகே குதிரையை ஏற்றுங்கள்.

கேள்வி: எங்களுடையது அலுமினிய உடம்பு. துருவே பிடிக்காது என்று சொல்லி விற்றார்கள். இப்போது ரிவெட் தலையிலிருந்தெல்லாம் கண்ணீர் மாதிரி பழுப்புக் கோடு. ரப்பர் விரிப்பைத் தூக்கினால் தரையில் வெள்ளை மாவு, குழி குழியாக இருக்கிறது. ஆசிட் போட்டுக் கழுவலாமா? (தொண்டி வாசகர்)

பதில்: ஆசிட் வேண்டவே வேண்டாம். காஸ்டிக் சோடாவும் ப்ளீச்சிங் பவுடரும்கூட வேண்டாம். மூன்றுமே அலுமினியத்தைத் தின்னும்.

பழுப்புக் கோடு அலுமினியத்தின் துரு இல்லை. பாப் ரிவெட்டுக்குள் ஒடிந்து தங்கும் ஆணித்துண்டு சாதாரண இரும்பாக இருந்தால் அது துருப்பிடித்து அழுகிறது. கோட்டை மட்டும் துடைத்தால் மாதம் ஒரு முறை துடைக்க வேண்டியிருக்கும். அழும் ரிவெட்டைத் துளைத்தெடுத்துவிட்டு, ஆணியும் அலுமினியமாக உள்ள, வாய் மூடிய 4.8 மி.மீ. ரிவெட்டை சீலன்ட் தொட்டு அடியுங்கள். துளை பெரிதாகியிருந்தால் அடுத்த அளவுக்குப் போங்கள்.

தரையின் வெள்ளை மாவுதான் கவலைப்பட வேண்டியது. குதிரை மூத்திரம் காரத்தன்மை உள்ளது. தேங்கினால் அதிலுள்ள யூரியா அம்மோனியாவாக மாறிக் காரம் இன்னும் ஏறும். அலுமினியத்தைக் காப்பாற்றும் மெல்லிய ஆக்சைடு தோல் அந்தக் காரத்தில் கரைந்துவிடும். அதோடு கடல் உப்பும் சேர்ந்தால் குழி விழும். ஒவ்வொரு பயணம் முடிந்ததும் விரிப்பைத் தூக்கி வெளியே சாய்த்துவைத்து, தரையைச் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். வாடை அதிகமிருந்தால் 10 லிட்டர் தண்ணீருக்குக் கால் லிட்டர் வினிகர் கலந்து ஊற்றி, ஐந்து நிமிடத்தில் நல்ல தண்ணீரில் அலசுங்கள். இரண்டும் தனித்தனியே காய்ந்த பிறகே விரிக்க வேண்டும். சுத்தம் செய்ய நைலான் பிரஷ் போதும். கம்பி நாரும் இரும்பு பிரஷ்ஷும் துகளை விட்டுச் செல்லும், அந்தத் துகள் அப்புறம் துருவாகும்.

குழியின் ஆழம் தகட்டு கனத்தில் பாதியை எட்டியிருந்தால் அந்தப் பலகையை மாற்றுங்கள். அடிப்பக்கம் அலுமினியம் இரும்புச் சட்டத்தில் உட்காரும் இடங்களையும் பாருங்கள். இரண்டு உலோகமும் உப்பு ஈரத்தில் தொட்டுக்கொண்டால் அலுமினியம்தான் கரையும். நடுவே 3 மி.மீ. ரப்பர் பட்டையோ பியூட்டைல் டேப்போ வைத்துப் பிரித்துவிட வேண்டும்.

கேள்வி: துருப்பிடித்த போல்ட்டுகளை மாற்ற எஸ்.எஸ். போல்ட் வாங்கினேன். ஆறு மாதத்தில் அதிலும் டீக்கறை மாதிரி படிகிறது. ஏமாற்றிவிட்டார்களா? (பெரியபட்டினம் வாசகர்)

பதில்: உங்களுக்குத் தந்தது 304 ரகமாக இருக்கும். அது எஸ்.எஸ்.தான், ஆனால் கடலோரத்துக்குப் போதாது. 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்ந்த 316 ரகம் கேளுங்கள். போல்ட் தலையில் ஏ4 என்று பொறித்திருக்கும். காந்தம் வைத்துப் பார்ப்பது இந்த இரண்டையும் பிரித்துக் காட்டாது. அலுமினியத் தகட்டில் மாட்டும்போது நைலான் வாஷர் போட மறக்க வேண்டாம். காருடன் இணைக்கும் ஹிட்ச், அச்சு, ஸ்பிரிங் யூ போல்ட் ஆகியவற்றில் மட்டும் எஸ்.எஸ். வேண்டாம். அங்கே தேவை பலம். தயாரிப்பாளர் சொன்ன 8.8 அல்லது 10.9 ரகத்தையே துத்தநாகப் பூச்சோடு போடுங்கள்.

கேள்வி: தரைப் பலகையை மாற்ற வேண்டும். பிளைவுட் போடலாம், மலிவு என்கிறார் தச்சர். அடிக்கு முந்திரி எண்ணெய் அடித்தால் போதுமா? (மண்டபம் வாசகர்)

பதில்: பிளைவுட் வேண்டாம். ஓரத்தில் ஈரம் ஏறி அடுக்கு பிரிந்தால் மேலே பார்க்க ஒன்றும் தெரியாது, ஒருநாள் குதிரையின் கால் உள்ளே போகும். வேங்கை அல்லது பிள்ளைமருதுப் பலகை, 40 மி.மீ. கனம், பலகைக்குப் பலகை 6 முதல் 8 மி.மீ. இடைவெளி விட்டுப் போடுங்கள். அந்த இடைவெளி மூத்திரம் வடிய.

படகுக்காரர்கள் பூசும், முந்திரிக்கொட்டையின் ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெய் நல்ல பொருள்தான். ஆனால் பலகையின் அடிப்பக்கத்துக்கும், அறுத்த முனைகளுக்கும் மட்டும் பூசுங்கள். முனையில்தான் மரம் தண்ணீர் குடிக்கும், ஆகவே முனைக்கு மூன்று கோட்டு. பச்சையாக இருக்கும்போது அந்த எண்ணெய் தோலைப் பொத்துவிடும்; பூசுகிறவருக்குக் கையுறை, குதிரைக்கு அது முழுக்கக் காயும்வரை தள்ளி நிற்க இடம். மேல்பக்கத்துக்குக் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் சூடாக்காமல் மெல்லிசாக இரண்டு கோட்டு. துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானே தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து விரித்துப் போடுங்கள்.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை அடியிலிருந்து ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். 5 மி.மீ. இறங்கினால் அந்தப் பலகை போய்விட்டது என்று அர்த்தம்.

கேள்வி: கூரையும் மூக்கும் பைபர். கையை வைத்தால் சுண்ணாம்பு மாதிரி ஒட்டுகிறது. காற்றுக்கூண்டைச் சுற்றி விரிசல். எங்கள் ஊரில் வள்ளத்துக்குப் பைபர் ஒட்டுபவர் இருக்கிறார். அவரை வைத்துச் செய்யலாமா? (தேவிபட்டினம் வாசகர்)

பதில்: தாராளமாக. வள்ளம் ஒட்டுகிற கைக்கு டிரெய்லர் கூரை சுலபம். பொருளும் ஒன்றுதான்.

சுண்ணாம்பு மாதிரி ஒட்டுவது வெயில் தின்ற ஜெல்கோட், அதாவது பைபரின் மேல்தோல். ஜெல்கோட் முழுதுமே அரை மில்லிமீட்டர்தான். ஆகவே ஆசைக்குத் தேய்க்கக் கூடாது. தண்ணீர் விட்டு 800 நம்பர் வாட்டர் பேப்பர், பிறகு 1000, 1500. அப்புறம் ரப்பிங் காம்பவுண்டு, கடைசியில் மெழுகு. மெழுகை நாலு மாதத்துக்கு ஒரு முறை புதுப்பித்தால் பளபளப்பு நிற்கும். தேய்க்கும்போது அடியிலிருக்கும் நார் நிழலாடத் தொடங்கினால் அங்கேயே நிறுத்திவிட்டு பி.யூ. பெயின்ட்டுக்குப் போய்விடுங்கள்.

விரிசலை மேலே பூசி மறைத்தால் மறுபடி திறந்துகொள்ளும். கூரை 3 மி.மீ. கனமென்றால் விரிசலின் இரு பக்கமும் 36 மி.மீ. தூரத்துக்குச் சரிவாகத் தேய்த்து, 450 கிராம் சாப்டு மேட் (கண்ணாடி நார் விரிப்பு) மூன்று அடுக்கு வைக்க வேண்டும். மேட்டின் எடைக்கு இரண்டரை மடங்கு ரெசின். ரெசின் ஒரு கிலோவுக்கு ஹார்டனர் 10 முதல் 20 மி.லி.; நம் வெயிலுக்கு 10 போதும். வேலையை நிழலில் செய்யுங்கள். வெயிலில் வைத்தால் பிரஷ் கையிலேயே இறுகிவிடும்.

ரெசின் இறுகுவதைத் தூண்டும் கோபால்ட்டையும் ஹார்டனரையும் ஒருபோதும் நேராகக் கலக்கக் கூடாது. வெடிக்கும். முதலில் கோபால்ட்டை ரெசினில் முழுக்கக் கலக்கிய பிறகே ஹார்டனர். உதவிக்கு நிற்கும் பையனிடமும் இதைச் சொல்லிவையுங்கள்.

கேள்வி: தனுஷ்கோடிப் பக்கம் குதிரையை இறக்கும்போது டிரெய்லர் சக்கரம் கடல் தண்ணீரில் அச்சு வரை நின்றது. பைப்பை வைத்துக் கழுவிவிட்டோம். போதுமா? (ராமேசுவரம் வாசகர்)

பதில்: போதாது. ஓடிச் சூடான ஹப் (பேரிங் இருக்கும் சக்கரத்தின் நடுக்குடம்) தண்ணீரில் இறங்கியதும் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாகக் கடல் தண்ணீரை உள்ளே உறிஞ்சியிருக்கும். இரண்டு நாள் நின்றால் பேரிங்கில் துருப்புள்ளி விழும். அப்புறம் அது ஓடும்போது சூடேறிச் சக்கரமே கழன்றுபோகலாம். அடுத்த பயணத்துக்கு முன்பே திறந்துவிடுங்கள். டிரம்மைக் கழற்றி, பேரிங் இரண்டையும் மண்ணெண்ணெயில் கழுவி, துணியில் உலர்த்துங்கள். ரோலரில் குழியோ நீலம் பாரித்த நிறமோ தெரிந்தால் வெளிவளையத்தோடு சேர்த்து மாற்றுங்கள். சீல் எப்படியிருந்தாலும் புதுசு. கிரீஸை உள்ளங்கையில் வைத்துப் பேரிங்கை அழுத்தி, மறுபக்கம் பிதுங்கும்வரை ஏற்ற வேண்டும். உப்புத்தண்ணீருக்குக் கால்சியம் சல்ஃபொனேட் கிரீஸ் நன்றாகத் தாங்கும். பழைய கிரீஸோடு கலக்காதீர்கள். சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பிறகு அடுத்த பள்ளம் வரை தளர்த்தி, புது ஸ்பிலிட் பின் போடுங்கள். பிரேக் ஷூவையும் டிரம்மையும் நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைப்பது தனி வேலை, அதையும் விட வேண்டாம்.

டயரையும் பார்த்துவிடுங்கள். ஓரத்தில் டி.ஓ.டி. எழுத்துக்கு முடிவில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. டிரெய்லர் டயர் ஓடித் தேய்வதைவிட நின்று வெடிப்பதுதான் அதிகம். ஆறு வயதைத் தாண்டினால் பள்ளம் ஆழமாக இருந்தாலும் குதிரைக்கு அதை நம்ப வேண்டாம்.

கேள்வி: பழைய ஸ்டிக்கரை எடுப்பது எப்படி? நிறத்தையும் மாற்றலாமா? (ஆர்.எஸ். மங்கலம் வாசகர்)

பதில்: முடி உலர்த்தும் கருவியால் சூடு காட்டி, ஒரு மூலையிலிருந்து மெல்ல இழுங்கள். மிச்சப் பசைக்கு யூகலிப்டஸ் தைலம் போதும். அடியில் நிறம் வெளுக்காமல் இருப்பதால் ஸ்டிக்கரின் உருவம் கொஞ்ச நாள் தெரியும். காம்பவுண்டு போட்டுத் தேய்த்தால் பெரும்பாலும் மறையும். அக்ரிலிக் ஜன்னல் மேல் தின்னரோ பெட்ரோலோ பட்டுவிடக் கூடாது, நொடியில் மயிரிழை விரிசல் விடும். நிறம் ஆர்.சி. புத்தகத்தில் பதிவான விஷயம் என்பதால் மாற்றுவதற்கு முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

கேள்வி: மழைக்கு முன் தார்ப்பாய் போட்டு இறுக்கக் கட்டிவைக்கிறோம். பிரித்தால் உள்ளே பூஞ்சை, பெயின்ட்டெல்லாம் கீறல். வேறு வழி? (மண்டபம் முகாம் வாசகி)

பதில்: இறுக்கக் கட்டிய தார்ப்பாய்க்குள் ஈரம் வெளியேற வழியில்லை. காற்றில் அது படபடக்கும்போது நடுவே மாட்டிய மணல் உப்புத்தாள் மாதிரி பெயின்ட்டைத் தேய்க்கிறது. நாலு கல்தூண், மேலே பனையோலைக் கூரை, பக்கமெல்லாம் திறப்பு என்று ஒரு கொட்டகை போட்டால் அதைவிட நல்லது எதுவுமில்லை. கடல் பக்கம் மட்டும் ஆளுயரத்துக்கு ஓலைத் தட்டி கட்டுங்கள். கூரை நிழலில் நிற்கும் டிரெய்லரை மழை கழுவாது என்பதால் பதினைந்து நாளுக்கு ஒரு முறை அடிப்பக்கம் வரை நல்ல தண்ணீர் பாய்ச்ச வேண்டும். மணலில் நிறுத்தாமல் கருங்கல் ஜல்லி மேல் நிறுத்துங்கள். மூக்கைக் கொஞ்சம் உயர்த்தி வைத்தால் தரைத் தண்ணீர் பின்பக்கம் வடியும். விரிப்பைத் தூக்கி வையுங்கள், ஜன்னலும் காற்றுக்கூண்டும் திறந்திருக்கட்டும். கைப்பிரேக்கைப் போட்டுவிட்டுப் போகாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை முடிந்து எடுக்கும்போது ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொண்டிருக்கும். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தால் போதும்.